திருகோணமலைக்குத் திரும்பிப் போகிறவர்களுக்கு

திருகோணமலைக்கு மறுபடி போவது என்று முடிவானதும் நானும் கணவரும் செய்த முதல் காரியம் சண்டை பிடித்ததுதான். முதன்முதலில் அங்கே போனது 2003இல், போர்நிறுத்தக் காலத்தில். திருமணமான புதிது, இருவருக்கும் கொழும்பில் வேலை. பிறகு லண்டன், பிள்ளை, வீட்டுக் கடன் என்று காலம் ஓடிவிட்டது. இத்தனை ஆண்டுகளும் இருவரும் ஒரே ஊரை நினைத்துத்தான் ஏங்கிக்கொண்டிருக்கிறோம் என்று நம்பியிருந்தேன். பயணத்தைத் திட்டமிட உட்கார்ந்தபோதுதான் அவை இரண்டு ஊர்கள் என்று தெரிந்தது. அவருடைய திருகோணமலையில் கடலைத் தவிர வேறெதுவும் இல்லை: நிலாவெளி, புறாத்தீவு, மறுபடியும் நிலாவெளி. என்னுடையதில் கோணேசர் கோயில், கோட்டைக்குள் திரியும் மான்கள், கன்னியா வெந்நீர், கிண்ணியாத் தயிர். கிண்ணியாவுக்குப் போனதே அவருக்கு நினைவில்லை. புறாத்தீவில் நிழல் தேடி அலைந்ததைத் தவிர எனக்கு அங்கிருந்து வேறொன்றும் நினைவில்லை.

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். ஆளுக்கொரு பட்டியல் எழுதுவது. இரண்டிலும் இருக்கும் இடங்களுக்குச் சேர்ந்து போவது, ஒன்றில் மட்டும் இருப்பதற்கு எழுதியவர் தனியே போவது. மற்றவர் விரும்பி உடன் வந்தால் முணுமுணுக்கக் கூடாது. மட்டக்களப்பில் இருக்கும் என் அக்கா இதைக் கேட்டுவிட்டு, "தனித்தனியே திரிவதற்கா இவ்வளவு தூரம் சேர்ந்து வருகிறீர்கள்?" என்று தொலைபேசியில் சிரித்தாள். சிரிக்கட்டும். நீண்ட காலத்துக்குப் பின் பழகிய இடத்துக்குத் திரும்பும் தம்பதிகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அன்று நடந்ததை எல்லாம் இருவருமாக அப்படியே மறுபடி நடத்திப் பார்க்க முயன்றால், அவர் குளிக்க நான் துவாயுடன் காவல் நிற்பேன், நான் கும்பிட அவர் கடிகாரம் பார்ப்பார்.

இனிப் பருவம். கிழக்குக் கரையில் வைகாசியில் இருந்து புரட்டாசி வரை கடல் அடங்கியிருக்கும். ஐப்பசி கழிந்தால் வாடை, மழை, கொந்தளிப்பு. தை வரையாவது அப்படித்தான். தென்மேற்குப் பருவக்காற்று மழையை எல்லாம் கொழும்பிலும் மலைநாட்டிலும் இறக்கி வைத்துவிட்டு, வறண்ட கச்சான் காற்றாகக் கிழக்கே இறங்கி வரும். கொழும்பில் குடையோடு ரயில் ஏறி மறுநாள் தொப்பியோடு இறங்குவது அதனால்தான். அந்த வெயில் இருபதுகளில் எங்களுக்குத் தெரியவில்லை. ஐம்பதை நெருங்கும்போது நன்றாகவே தெரிகிறது. காலை பத்து மணியில் இருந்து பின்னேரம் நான்கு மணி வரை வெளியே கால் வைப்பதில்லை என்று ஒழுங்கு செய்துகொண்டோம். பகலின் நடுப்பகுதி இப்படிக் கழிந்துபோக, ஒரு நாளைக்கு ஓர் இடம், மிஞ்சினால் ஒன்றரை இடம் என்று பயணம் தானாகவே சுருங்கியது. அது நல்லதாகவே முடிந்தது. நாட்காட்டியில் போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். போயா தினம் வார இறுதியோடு சேர்ந்து வந்தால் நாட்டின் பாதிப் பேர் நிலாவெளியில்தான் நிற்பார்கள்.

கொழும்புக் கோட்டையில் இருந்து புறப்படும் இரவு ரயில் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. மாகோ, கல்லோயா சந்தி, கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா என்று வந்து விடியலில் ஊரை அடையும். கல்லோயாப் பக்கம் யானைகள் தண்டவாளத்தைக் கடப்பதால் ரயில் ஊர்ந்துதான் போகும், தாமதத்துக்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொள்வது நல்லது. இருக்கைகளை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். பதிவில்லாத பெட்டியில் இரவு முழுவதும் நின்று வந்தது 2003இல் சாகசம். இப்போது அது முதுகுவலி. இன்னொன்றும் உண்டு. ரயில் விடியலில் இறக்கிவிடும், விடுதியோ பிற்பகலில்தான் அறை தரும். இடைப்பட்ட நேரத்துக்கு முன்பே ஒரு வழி செய்ய வேண்டும். விடுதிக்காரரிடம் கேட்டால் பெட்டிகளை வைத்துக்கொண்டு குளிக்க ஓர் இடம் தருவார்கள். நாங்கள் குளித்து, உடைமாற்றி, ஓட்டோ பிடித்து நேரே கோணேசர் கோயிலுக்குப் போனோம். விடியற்காலை அங்கே போய்ச் சேர அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

எங்கே தங்குவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: உப்புவெளி. நகரத்துக்குள் தங்கினால் கடல் இருக்கும், குளிக்க வசதி குறைவு. நிலாவெளியில் கடற்கரை நீளமும் வெண்மையுமாக அழகுதான், ஆனால் ஒரு மருந்துக்கடைக்குப் போவதென்றாலும் வண்டி வேண்டும். உப்புவெளி இரண்டுக்கும் நடுவே, நிலாவெளி வீதி பஸ் ஓடும் வழியில் இருக்கிறது. நாங்கள் முதலில் பதிவு செய்திருந்த விடுதியின் படங்களில் யன்னலைத் திறந்தால் கடல். நேரில் யன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், அதில் ஒரு குளிரூட்டியின் முதுகு. படம் வேறு அறையினுடையது என்றார்கள். மறுநாளே மாறிவிட்டோம். முழுக் காசையும் முற்பணமாகக் கட்டாமல் முதல் இரவுக்கு மட்டும் பதிவு செய்து, இடத்தைக் கண்ணால் பார்த்த பின் நீட்டிப்பதுதான் புத்தி. இரண்டாவது இடம் ஒரு குடும்பம் நடத்தும் சிறிய விடுதி. படிகள் குறைவு, கழிவறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தது, காலையில் கேட்டதைச் சமைத்துத் தந்தார்கள். அன்று இவற்றைப் பற்றி எல்லாம் யோசித்தோமா என்ன?

கோணேசர் கோயில் இருவர் பட்டியலிலும் இருந்தது. அவர் எழுதியது மலை விளிம்பில் நின்று கடலைப் பார்ப்பதற்காக. பரவாயில்லை, சுவாமி கோபிக்கமாட்டார். ஓட்டோக்காரத் தம்பி மேலே வரை கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். நாங்கள் கோட்டை வாசலிலேயே இறங்கிக்கொண்டோம், உங்களுக்கும் அதையே சொல்வேன். வாசல் நிலைக் கல்லில் பாண்டியரின் இரட்டை மீன் இருக்கிறது. பக்கத்தில் சிதைந்த தமிழ் எழுத்துகளும் இருக்கின்றன. 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். வாகனத்தில் போனால் இந்த மீன்களை ஒரு நொடியில் கடந்துவிடுவீர்கள். பின்னர் கோட்டை ஒல்லாந்தர் கைக்கும் ஆங்கிலேயர் கைக்கும் போய், 1803இல் பிரட்றிக் கோட்டை என்ற பெயரைப் பெற்றது. இன்றும் உள்ளே இராணுவ முகாம் இருக்கிறது. 2003இல் இந்த வாசலில் பையைத் திறந்து காட்டி, எங்கிருந்து வருகிறோம், எங்கே தங்குகிறோம் என்று பதில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனோம். நான் அன்று பதில் சொல்லத் தயாராக வாயில் சிங்களச் சொற்களை அடுக்கி வைத்திருந்தேன். இந்த முறை யாரும் நிறுத்தவில்லை. ஆனாலும் என் கை தன்பாட்டில் பையின் வாயைத் திறந்தது. கணவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. முகாம் கட்டடங்களைப் படம் எடுக்காதீர்கள்.

மான்கள் இருக்கின்றன. கோட்டைக்குள் மட்டும் இல்லை, நகரத்துக் கடற்கரையிலும் தெருவோரத்திலும் புள்ளிமான்கள் ஆட்டுக்குட்டிகளைப் போல நடமாடுகின்றன. உணவுப் பொட்டலத்தோடு பொலித்தீன் பையையும் மெல்லுகின்றன. பிஸ்கட் நீட்டிப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மானுக்குப் பிஸ்கட் தேவையில்லை. உங்கள் பையைத் திரும்ப எடுத்துப் போங்கள், போதும்.

மேலே போகும் பாதையில் கடைகள் பெருகிவிட்டன. பொம்மை, உருத்திராட்சம், தொப்பி, இளநீர். அந்த நெரிசலில் ஒரு கணம் எனக்கு எரிச்சல் வந்தது. கோயிலுக்குள் நுழைந்து, அர்ச்சனைத் தட்டோடு நின்று, ஐயர் நட்சத்திரம் கேட்டபோது எரிச்சல் போய்விட்டது. ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால், சட்டைப் பையில் கடவுச்சீட்டையும் கைத்தொலைபேசியையும் திணித்துக்கொண்டு வராதீர்கள், என் கணவர் இரண்டையும் என் கையில் தந்துவிட்டுத்தான் கும்பிட்டார். ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் இராமேஸ்வரத்தில் இருந்தபடியே கோணமலையைப் பாடியதாக மரபு. கடல் கடக்காமலே அவருக்குக் காட்சி கிடைத்துவிட்டது. எங்களுக்கு விமானமும் இரவு ரயிலும் தேவைப்பட்டன.

மலையில் இராவணன் வெட்டு என்று சொல்லும் பிளவுப் பக்கம் மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய சிறு தொட்டில்கள் தொங்குகின்றன. அன்று மாமியார் சொல்லி அனுப்பியதற்காக நாங்களும் ஒன்று கட்டினோம். வரமாக வந்தவள் பல்கலைக்கழகப் பரீட்சையைக் காரணம் காட்டி எங்களோடு வர மறுத்துவிட்டாள். கட்டிய கிளையைக் கண்டுபிடிக்கலாம் என்று அவர் சிறிது நேரம் அண்ணாந்து பார்த்தார். அந்த மரத்தில் அது நடக்கிற காரியமா? மலையடியில் கடல் செங்குத்தாக ஆழம். திருகோணமலைக் கரையை ஒட்டியே கடலுக்கடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு இருப்பதால், பருவத்தில் நீலத்திமிங்கிலங்கள் இவ்வளவு அருகே வருகின்றன. சிறு படகில் திறந்த கடலுக்குப் போனால் குடலைப் பிடுங்கும் என்று பயப்படும் என்னைப் போன்றவர்கள், நல்ல தொலைநோக்கி ஒன்றுடன் காலையில் இந்த விளிம்பில் நின்று பார்க்கலாம். எங்களுக்கு அன்று திமிங்கிலம் எதுவும் தெரியவில்லை, வெயில்தான் தெரிந்தது. எட்டரை மணிக்கே இறங்கிவிட்டோம்.

கன்னியா என் பட்டியலில் மட்டும் இருந்தது. அநுராதபுரம் போகும் வீதியில், நகரத்தில் இருந்து ஓட்டோவில் போய்வரக்கூடிய தூரம். தாய்க்கு ஈமக்கடன் செய்ய இராவணன் வாளை நிலத்தில் ஊன்றிய ஏழு இடங்களில் வெந்நீர் பொங்கியது என்பது கதை. ஏழு சதுரக் கிணறுகள், ஆழம் அதிகமில்லை, ஒவ்வொன்றிலும் சூடு வேறு. அம்மாவின் அந்தியேட்டியை லண்டனில் ஒரு மண்டபத்தில், குளிர்காலத்தில், தண்ணீரைத் தொட்டுத் தலையில் தெளித்து முடித்தவள் நான். அந்தக் குறை மனதில் இருந்தது. தனியாகவே வாளியை எடுத்து மொண்டு ஊற்றினேன். கணவர் வந்திருந்தால் பக்கத்தில் நின்று "சூடு அதிகமா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். வராதது நல்லது.

நடைமுறை விஷயங்கள்: விடிந்தவுடன் போங்கள், பள்ளிச் சுற்றுலா பஸ்கள் வந்துவிட்டால் வாளிக்கு வரிசை நிற்க வேண்டும். உடல் நனைக்கும் இடமே தவிர நீந்தும் இடம் இல்லை. மாற்றுடை, துவாய், ஈரத்துணிக்கு ஒரு பை தேவை. சவர்க்காரம் வேண்டாம். நுழைவுக்கு டிக்கெட் உண்டு, இடம் தொல்லியல் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. அங்கே யாருக்கு என்ன உரிமை என்ற தகராறு 2019இல் நீதிமன்றம் வரை போனது. கிரியை செய்ய எண்ணிப் போகிறவர்கள் ஊரில் உள்ள குருக்கள் ஒருவரிடம் முன்பே விசாரித்துவிட்டுப் போனால் வாசலில் நின்று வாதாட வேண்டியிருக்காது.

புறாத்தீவுக்கு அவர்தான் போனார். நான் நிலாவெளிக் கரையில் படகுகள் புறப்படும் இடம் வரை வந்து மர நிழலில் உட்கார்ந்துகொண்டேன். 2003இல்தான் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நாங்கள் அன்று போனபோது ஏதோ ஒரு தோணிக்காரரோடு பேசி ஏறிக்கொண்டோம். இப்போது வனசீவராசிகள் திணைக்களத்தின் கருமபீடத்தில் டிக்கெட் எடுக்க வேண்டும், படகுக்குத் தனிக் கட்டணம். இங்கேதான் வெளிநாட்டில் இருந்து வரும் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. உள்ளூர்க்காரருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். என் கணவர் இரட்டைக் குடியுரிமை எடுத்தவர், கையில் தேசிய அடையாள அட்டை இருக்கிறது. நான் அந்த வேலையைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தவள். ஒரே வீட்டில் சமைத்துச் சாப்பிடும் இருவரில், அந்தக் கருமபீடத்தின் முன் அவர் சொந்த நாட்டவர், நான் அந்நியர். தமிழ் பேசினால் போதும் என்று நினைத்து வரிசையில் நிற்காதீர்கள். அட்டைதான் பேசும். படகுக் கட்டணம் ஆளுக்கு இல்லை, படகுக்குத்தான் என்பதால் தனியாகப் போகிறவர் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்துகொள்ளலாம். அவர் கண்டியில் இருந்து வந்த ஒரு குடும்பத்தோடு சேர்ந்து போனார்.

திரும்பி வந்தவரின் முகம் அவ்வளவு தெளிவாக இல்லை. 1998இல் கடல் சூடாகி இலங்கையின் பல பவளப்பாறைகள் வெளிறிச் செத்தபோது புறாத்தீவு பெருமளவு தப்பியது. எங்கள் முதற்பயணத்தில் அவர் கண்டது அப்படித் தப்பிய பாறைகளைத்தான். அதன் பின் வந்த வெப்பமும், ஆயிரக்கணக்கான கால்களும், படகு நங்கூரங்களும் தங்கள் வேலையைச் செய்திருக்கின்றன. சில பக்கங்களில் நொறுங்கிய பவளம் எலும்புத் துண்டுகளாகக் கிடக்கிறது என்றார். ஆனால் ஆழமற்ற தண்ணீரில் கறுப்புமுனைச் சுறாக் குட்டிகளைப் பார்த்திருக்கிறார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் பழையபடி இருந்தது. பக்கத்தில் ஒருவர் பாறை மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாராம், இவர் போய்ச் சண்டை பிடித்திருக்கிறார். பவளம் உயிர். அதன் மேல் நிற்கக் கூடாது, துண்டைக்கூட எடுத்துவரக் கூடாது. கடலில் மிதக்கத் தெரியாதவர்கள் மிதவை அங்கியைக் கேட்டு வாங்குங்கள். காலை முதல் படகிலேயே போய்விட வேண்டும், பத்து மணிக்குப் பின் போனால் மீன்களை விட ஆட்கள் அதிகம். முதுகு தீய்ந்துபோகாமல் நீண்ட கை வைத்த நீச்சல் சட்டை அணிந்துகொள்ளுங்கள், வெயில் தடுப்புக் களிம்பு பவளத்துக்கும் ஆகாது.

அன்று நாங்கள் தங்கிய சிறு விடுதி நிலாவெளியில்தான் இருந்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது போய்விட்டது. அந்த இடம் எது என்று அவர் ஒரு வளவைக் காட்டினார், நான் இன்னொன்றைக் காட்டினேன். அங்கே வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் விசாரித்தோம். அவர் மூன்றாவது ஒரு வளவைக் காட்டினார். அவரோடு பேசிக்கொண்டிருந்தது அந்தப் பயணத்தின் நல்ல பொழுதுகளில் ஒன்று. கரைவலை எப்போது இழுப்பார்கள் என்று அவர்தான் சொன்னார். மறுநாள் காலை இருவரும் போய், இழுத்த இடத்திலேயே சூடையும் பாரையும் வாங்கி, விடுதி அக்காவிடம் கொடுத்தோம். பாரைக் குழம்பும், சூடைப் பொரியலும், இடியப்பமும், சொதியும். உணவகங்களின் விலைப்பட்டியலில் வெளிநாட்டவருக்காகச் சமைத்த மீனை நாங்கள் பிறகு தொடவில்லை.

நிலாவெளி வீதியில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து மயானம் ஒன்று இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது எளிதில் தவறிவிடும். யப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு வீசிய 1942 ஏப்ரல் 9ஐப் பற்றி அவர் நிறைய வாசித்தவர், கல் கல்லாக நின்று வயதுகளை வாசித்தார். பெரும்பாலானவர்கள் எங்கள் மகளின் வயதுக்காரர். நான் அரைமணி நேரத்தில் வெளியே வந்து தேத்தண்ணீர்க் கடை தேடினேன்.

கிண்ணியாவுக்கு அன்று பாதைப்படகில் கடந்து போனோம். அவருக்கு அந்தப் படகும் நினைவில்லை. இப்போது 396 மீற்றர் நீளப் பாலம் இருக்கிறது, 2009இல் திறந்தது. அதே கரையோர வீதியில் மூதூர்ப் பக்கமாக ஆறுகளுக்குக் குறுக்கே இருந்த பாதைப்படகுகளும் போய்ப் பாலங்கள் வந்துவிட்டன. முன்பு மட்டக்களப்புக்குப் போக ஹபரணை சுற்றிய நாங்கள், இந்த முறை திருகோணமலையில் இருந்து நேரே தெற்கே போனோம். கிழக்கில் இரண்டு ஊர்களையும் பார்க்க எண்ணுகிறவர்கள் கொழும்புக்குத் திரும்பி வர வேண்டியதில்லை என்பதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

வழியில் கிண்ணியாவில் இறங்கி எருமைத் தயிர் வாங்கினோம். கடைக்கார நானா தயிர் உறைந்த மண்முட்டியைச் சாய்த்துக் காட்டினார், தயிர் அசையவில்லை. அதுதான் வாங்க வேண்டிய முட்டி, தண்ணீர் விட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பயணம் போகிறோம் என்று சொன்னால் கடதாசி கட்டி, கயிறு போட்டுத் தருவார்கள். வெயில் ஏறினால் புளித்துவிடும் என்பதால் காலை பஸ்ஸைப் பிடியுங்கள். மட்டக்களப்பு நோக்கிப் போகும்போது இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்தால் கடற்பக்கம். ஆனால் பல இடங்களில் வீதியில் இருந்து கடல் தெரியாது, ஆறும் களப்பும் வயலும்தான். முட்டியை மடியில் வைத்திருந்தவர் என் கணவர். மட்டக்களப்பில் அக்கா ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்துவிட்டு, "எங்கள் ஊர்த் தயிருக்குக் கிட்ட வராது" என்றாள்.